ஏசி பாயின் புறங்கை

கடையின் ஷட்டரைத் தூக்குவதற்கு முன் அதைப் புறங்கையால் ஒரு தட்டுத் தட்டிப் பார்க்கிறார் அப்துல் ஹை. பிறகுதான் கைப்பிடியைத் தொடுகிறார். அந்த ஷட்டரில் மின்சாரம் வர வழியே இல்லை. மேலே ஒரு விளக்குகூடக் கிடையாது. ஆனாலும் தட்டுவார். டீக்கடை பெஞ்சின் இரும்புக் கால், பஸ் கம்பி, வங்கிக் கதவின் பித்தளைப் பிடி, யாராவது நீட்டுகிற எவர்சில்வர் டம்ளர் என எல்லாவற்றையும் முதலில் அவருடைய புறங்கைதான் சந்திக்கும். "உள்ளங்கைல கரண்டு புடிச்சா கை மூடிக்கும் சார், வுடாது. பொறங்கைன்னா ஒதறித் தள்ளிடும்," என்று எனக்கு விளக்கினார். டம்ளரில் எப்படிக் கரண்டு வரும் என்று கேட்டேன்.

"வராது. ஆனா வந்துட்டா?"

அவரோடு பழகுகிறவர்கள் இந்த 'வந்துட்டா'வைத் தினம் ஒரு தடவையாவது கேட்டாக வேண்டும்.

பழவேற்காடு கடைத்தெருவில், மீன் மார்க்கெட்டுக்குத் திரும்பும் இடத்தில் அவருடைய ஒற்றை அறைக் கடை. 'ஏசி, ஃப்ரிட்ஜ், ஃப்ரீசர், கீசர். சூடும் குளிரும் சரி செய்து தரப்படும்' என்று பலகை சொல்கிறது. ஊருக்கு அவர் ஏசி பாய். ஒல்லியான உடம்பு, நரைக்கத் தொடங்கிய தாடி, காலில் தடித்த ரப்பர் செருப்பு. முன்னோர்கள் மரக்கலத்தில் துணி ஏற்றிக் கடல் தாண்டி வியாபாரம் செய்தவர்கள் என்று குடும்பத்தில் ஒரு பெருமை உண்டு. இவரோ ஈரத் தரையில் கால் வைக்கவே யோசிப்பவர். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரச் சொன்னால், அந்த வீட்டு வேலையே வேண்டாம் என்று திரும்பிவிடுவார். பள்ளிவாசல் மட்டும்தான் விலக்கு.

இந்த ஊரில் அவருடைய தொழிலில் பாதி, உப்போடு போடுகிற சண்டை. கடலும் ஏரியும் இரண்டு பக்கமும் நிற்கின்றன. மாட்டும்போது பளபளவென்று இருக்கிற இரும்பு, அடுத்த மழைக்குள் பொரிந்து உதிர ஆரம்பித்துவிடும். "மத்த ஊர்ல காத்து வீசும் சார். இங்க காத்து இரும்ப திங்கும்," என்பார். ஏசியின் வெளிப்பெட்டி மாட்டியிருக்கிற எந்தச் சுவரின் கீழும் அவர் நடக்கமாட்டார். தெருவின் மறுபக்கம் போய்விடுவார். கூட நடக்கிறவர்களின் சட்டையையும் பிடித்து இழுத்துக்கொண்டு போவார். என் சட்டை ஒன்றில் தோள் தையல் விட்டிருப்பது அப்படித்தான்.

பயம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ஆட்டுக் கதையைச் சொல்வார். ஆரம்பாக்கம் பக்கம் ஒரு வீட்டில், ஏசியின் வெளிப்பெட்டி நிற்கிற இரும்பு ஸ்டாண்டில் ஆட்டைக் கட்டியிருந்தார்கள். மழை பெய்து ஓய்ந்த காலை. இவர் கேஸ் ஏற்றுவதற்காகப் படியேறும்போது, ஆடு நின்ற நிலையிலேயே விறைத்துச் சரிந்தது. அந்த ஏசியை மாட்டியது வேறு யாரோ. இவர் மேல் ஒரு பழியும் இல்லை. ஆனால் சற்று முன்னால் அந்த வீட்டுச் சின்னப் பெண் அதே ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு ஆட்டுக்கு அகத்திக்கீரை ஊட்டிக்கொண்டிருந்தாள். அதை இவர் பார்த்திருந்தார்.

"போனது ஆடு சார். ஆனா அப்பால எந்த ஸ்டாண்ட பாத்தாலும் எனக்கு அந்தப் புள்ள தான் நிக்குது."

அதற்குப் பிறகுதான் போனில் குறிப்பு எழுதுகிற ஆப் ஒன்றை இறக்கிக்கொண்டார். முன்பெல்லாம் துண்டுச் சீட்டுதான். ஏரிக் காற்றில் அது நமத்துப்போன அப்பளம் மாதிரி ஆகிவிடும். எழுத்து ஊறி, யார் வீடு என்ன வேலை என்று ஒன்றும் புரியாது. இப்போது படகுக்குப் போகிற ஆட்கள் செய்வதுபோல, போனை பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கயிற்றால் கழுத்தில் தொங்கவிட்டிருக்கிறார். ஒவ்வொரு வேலை முடிந்ததும் வாசலில் நின்று போனிடம் பேசுவார். பேசியதெல்லாம் எழுத்தாகிவிடும். கூடவே ஒரு போட்டோ. முடியாத வேலைக்குச் சிவப்பு, மறுபடி பார்க்க வேண்டியதற்கு மஞ்சள், முடிந்ததற்குப் பச்சை. "மண்டைல தேடுனா கெடைக்காது சார். இதுல ரெண்டு எழுத்து தட்டுனா தொபுக்குனு வந்து குந்தும்," என்று குழந்தையின் மதிப்பெண்ணைக் காட்டுவதுபோலக் காட்டினார்.

அவருடைய குறிப்பு ஒவ்வொன்றிலும் மூன்று பகுதி உண்டு: வீடு, வேலை, பயம். மூன்றாவதை எந்த ஆப்பும் கேட்பதில்லை. அது அவருடைய சொந்தச் சேர்ப்பு. 'பயம்: கிளாம்பு துரு. கீழ பசங்க கோலி ஆடுதுங்க.' 'பயம்: எறா ஃப்ரீசர் ஈரத் தரைல நிக்குது. அம்மா செருப்பு போடாம வரும்.' மீஞ்சூரில் இருக்கிற என் வீட்டுக் குறிப்பையும் தேடி எடுத்துக் காட்டினார். 'பயம்: சார் பிளக்க புடுங்க ஒயர புடிச்சு இழுக்குறாரு.' எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. அன்றிலிருந்து நான் ஒயரைப் பிடித்து இழுப்பதில்லை.

வீட்டுக்குப் பெயர் வைப்பதில் அவர் ஒருமுறை நன்றாகவே சறுக்கியிருக்கிறார். பாலத்துக்கு அந்தப் பக்கத்துக் குப்பத்தில் கதவு எண் என்று ஒன்று தபால்காரருக்கே தெரியாது. தெருவுக்கு நாலு வேலு, மூன்று பெருமாள். 'வேலு வீடு' என்று எழுதிவைத்ததை நம்பிப் போய், வேறொரு வேலு வீட்டில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஃப்ரிட்ஜைப் பிரித்துப் பரப்பிவிட்டார். அந்த வீட்டு அம்மாள் மார்க்கெட்டிலிருந்து வந்து பார்த்து வைத வசவை இன்றைக்கும் அவர் பாதிதான் சொல்வார். அதற்கப்புறம் குப்பத்து வழக்கத்துக்கே வந்துவிட்டார். அங்கே வீட்டைப் படகின் பெயரால்தான் சொல்வார்கள். அந்தோணியார் வீடு, கடல்மகள் வீடு, முத்துமாரி வீடு. "ஆளு பேரு நாலு பேருக்கு இருக்கும் சார். போட்டு பேரு ஒண்ணுக்குத் தான். தப்பவே தப்பாது," என்று மார்தட்டினார்.

குப்பத்துப் பாட்டு முறையையும் போனில் ஏற்றிவைத்திருக்கிறார். ஏரியில் நல்ல இடங்களில் யார் என்றைக்கு வலை கட்டுவது என்று ஊர் முறை வைத்திருக்கிறது. அதைத்தான் பாடு என்கிறார்கள். பாடு வந்த நாளில் அந்த வரிசை வீடுகளின் ஆண்கள் ஏரியில் இருப்பார்கள், பெண்களில் பலர் கரையில் கூடையோடு நிற்பார்கள். வீட்டில் கரண்டை நிறுத்தச் சொல்லக்கூட ஆள் இருக்காது. அந்த நாட்களில் இவர் அந்தப் பக்கம் வேலை வைத்துக்கொள்வதில்லை.

மனைவி மர்யமுக்கு அந்தப் போன் மேல் சக்களத்திக் கோபம். "என்கூட பேசுறத வுட அதுகூட தான் அதிகம் பேசுறாரு. அதுலயாச்சும் நல்ல வார்த்தை உண்டா? ஷாக்கு, துரு, லீக்கு," என்று எனக்கு டீ கொடுத்துக்கொண்டே சொன்னார். ஹை தலையை ஆட்டினார். "நல்லது எழுதாமயே நடக்கும் மர்யம். கெட்டதத் தான் எழுதி வெக்கணும்."

இவ்வளவும் எழுதிக்கொண்டு நான் கிளம்பியிருந்தால் இது ஒரு வேடிக்கை மனிதரைப் பற்றிய கட்டுரையாக முடிந்திருக்கும். ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்த அந்தக் காலையில், இன்னொரு டீக்கு ஆசைப்பட்டு உட்கார்ந்துவிட்டேன்.

போன் அடித்தது. புது நம்பர். உறைக்குள் இருப்பதால் ஒலிபெருக்கியில் போட்டுத்தான் பேசுவார்.

"பாய், வெள்ளிமீன் வூட்லேர்ந்து பேசறேன்," என்றது ஒரு பெண் குரல். "பொண்ணு ஆஸ்பத்திரிலேர்ந்து கொழந்தையோட வந்துட்டா. குளிக்க வெந்நீ வேணும். கீசர் சுவிச்சு மேல சிவப்பு டேப்பு ஒட்டிட்டுப் போனியே, பிரிச்சிக்கட்டுமா?"

ஹை ஆப்பில் 'வெள்ளிமீன்' என்று தட்டினார். குறிப்பு வந்து நின்றது. பச்சை. தரையில் புதிதாக இறக்கிய எர்த் குழாயின் போட்டோ. கீழே, 'பயம்: ஒண்ணும் இல்ல.' அவர் குறிப்புகளில் இப்படி எழுதியிருப்பதை நான் அப்போதுதான் பார்த்தேன். அதில் அவருக்கே ஒரு சின்ன சந்தோஷம் இருந்திருக்க வேண்டும்.

"பிரிச்சிக்கோம்மா. தாராளமா போட்டுக்கோ," என்றார்.

அழைப்பு வந்தால் அதையும் குறிப்பில் ஏற்றுவது அவர் வழக்கம். போனை வாய்க்கு அருகில் கொண்டுபோய்ச் சொல்ல ஆரம்பித்தார். "வெள்ளிமீன். கண்ணப்பன் வூடு. போன் வந்துச்சு. பொண்ணு பிரசவம் ஆயி..."

நிறுத்தினார்.

"கண்ணப்பனுக்கு ஏது சார் பொண்ணு?" என்று என்னைக் கேட்டார், எனக்குத் தெரியும் என்பதுபோல. "ரெண்டும் பசங்க. காட்டுப்பள்ளி துறைமுகத்துல வேலை. பசங்க தொழிலுக்கு வரலன்னு தான் போட்ட..." போனைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "வித்துட்டான் சார். வெள்ளிமீன அவன் சிவகுமாருக்கு வித்துட்டான்," என்றார்.

படகு கைமாறிவிட்டது. பெயரும் அதோடு கைமாறிவிட்டது. போன மாதம் வரை முத்துமாரி வீடாக இருந்த சிவகுமாரின் வீடு இன்று ஊருக்கெல்லாம் வெள்ளிமீன் வீடு. பேசியது கண்ணப்பன் வீட்டு அம்மாள் இல்லை. சிவகுமாரின் மனைவி அம்பிகா. போனுக்குள் மட்டும் வெள்ளிமீன் இன்னும் கண்ணப்பனிடமே இருந்தது.

'முத்துமாரி' என்று தட்டினார். சிவப்பு. நானும் எட்டிப் படித்தேன். 'சிவகுமார் வூடு. பழைய கீசர் மாட்டுனது. உள்ள காயில் பழுது, கொழாய்ல கரண்டு தட்டுது. புது காயில் வரணும். எர்த் கம்பிய உப்பு தின்னுடுச்சு. பயம்: யாரும் தொடக் கூடாது. தொட்டா ஆளு காலி.'

வந்த நம்பருக்கே திரும்பப் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. சிவகுமாருக்குப் போட்டார். அன்று அவனுக்குப் பாடு. ஏரி நடுவில் இருந்தான். பக்கத்து வீடுகளும் அதே வரிசை, அதே பாடு. ஆபத்துக்குக் கூப்பிட ஒரு ஆள் இல்லாத நாள் என்று இவரே குறித்துவைத்த நாள். "ஒயர கழட்டி வெச்சிருக்கணும். வூட்ல விசேசம் வருது பாய், மாட்டியே வெய்யினு சொன்னாங்கனு டேப்ப ஒட்னேன். அல்லாவே, டேப்ப ஒட்னேன்," என்றபடியே ஸ்கூட்டரை உதைத்தார். அது கிளம்பும்போது நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். எப்படி ஏறினேன் என்று நினைவில்லை.

சைக்கிள்காரர்கள் முந்திப்போகிற வேகத்தில் வண்டி ஓட்டுகிறவர் அவர். அன்று பாலத்தின் மேல் மழை முகத்தில் ஊசியாகக் குத்தியது. அவர் கண்ணைக்கூடத் துடைக்கவில்லை. "கரண்டு போவட்டும், யா அல்லா, கரண்டு போவட்டும்," என்று அவர் முதுகு வழியாக எனக்குக் கேட்டது. மழைக்காலத்தில் மணிக்கு ஒரு தடவை போகிற கரண்டு. பாலத்து விளக்கு ஒன்று, அணைக்க மறந்து, பகலிலும் எரிந்துகொண்டிருந்தது. அதை அண்ணாந்து பார்த்தார். "கரண்டு கீது சார்," என்றார். ஒரு பச்சை உடம்புக்காரி ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று குழாயைத் திறப்பதைத் தவிர வேறெதையும் என்னால் நினைக்க முடியவில்லை.

சிவகுமார் வீட்டு வாசலில் கூட்டம். ஏழெட்டுப் பெண்கள் குடையும் கோணிச்சாக்குமாக நின்றிருந்தார்கள். ஹை வண்டியை நிறுத்தினார். ஆனால் இறங்கவில்லை. கைப்பிடியைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"போயிடுச்சு சார்," என்றார்.

கூட்டத்தில் ஒருத்தி திரும்பினாள். வாயில் கற்கண்டை அதக்கியபடி சிரித்துக்கொண்டிருந்தாள். மழைக்குக் கரையிலிருந்து திரும்பிய வழியில் குழந்தையைப் பார்க்க வந்தவர்கள். நான் அவர் தோளைப் பிடித்து உலுக்கி, "பாய், ஒண்ணும் ஆகல, ஓடுங்க," என்று கத்தினேன்.

ஓடினார். வாசல் சுவரில் நனைந்துகொண்டிருந்த மீட்டர் பெட்டியை ஒரே இழுப்பில் திறந்து, மெயின் சுவிட்சை உள்ளங்கையால் அடித்துக் கீழே தள்ளினார். இரும்புப் பெட்டி, சொட்டச் சொட்ட ஈரமான கை. புறங்கை அவர் நினைவுக்கே வரவில்லை.

வீட்டுக்குள் டிவி நின்றது. மின்விசிறி நின்றது. கொல்லைப்புறக் குளியலறையிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுவதை மட்டும் நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"யாரும்மா அது கரண்ட நிறுத்துனது? இன்னா பேஜாரா கீது, சோப்பு கண்ல பூந்துச்சு!"

குளியலறையிலிருந்து வந்த அந்தக் கோபக் குரல் ஹேமாவதியுடையது. அம்பிகாவின் மகள், குழந்தையின் தாய். ஒருத்தி கத்துவதைக் கேட்டு நான் இவ்வளவு மகிழ்ந்ததே இல்லை.

அம்பிகா ஈரப் புடவையும் கையில் பிளாஸ்டிக் சொம்புமாக வெளியே வந்தார். "இன்னா பாய், நீ தான் நிறுத்துனியா?"

"கொழாய யாரு தொட்டது?"

"நான் தான். தொறந்து பக்கெட்டுல புடிச்சேன். கொஞ்சம் சுருக்குனுச்சு. வெந்நீ சூடு போலனு நெனச்சேன்." ஹை அவர் காலைப் பார்த்தார். ரப்பர் செருப்பு. "பொண்ணு?" என்றார். "அவ இன்னும் தொடல. நான் தான் மொண்டு ஊத்திக்கினு இருந்தேன். அடுத்த பக்கெட்டு நானே புடிச்சிக்கறேன், நீ கொழந்தைய பாருன்னு இப்ப தான் சொன்னா..."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அம்பிகாவுக்கு ஏதோ புரிந்து, குழாயைத் தொட்ட கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டார். ஹை கொல்லையின் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். செருப்பு ஒன்று வாசலில் எங்கோ கழன்று போயிருந்தது.

நடந்ததை அவரே சொன்னார். மழுப்பவில்லை. அம்பிகா முதலில் கேட்டுக்கொண்டிருந்தார், பிறகு வெடித்தார். "ஏன் பாய், வெள்ளிமீன் எங்க கரைக்கு வந்து ஒரு மாசம் ஆவுது. படகுக்குப் பூசை போட்டன்னிக்கு நீயும் தான் வந்து குந்தி வயிறு ரொம்ப துன்னே. ஊருக்கே தெரியும். உன் போனுக்கு மட்டும் தெரியாதா?"

"அதுக்கு நான் சொல்லலம்மா. என் தப்பு தான்."

"அது இன்னா சொல்லுச்சோ அத நம்பிட்டியா? நான் டேப்பு ஒட்டிக்கீதுனு சொன்னேனே, அது காதுல வுழலியா உனக்கு?"

வேலை முடிந்த வீட்டில் அவர் டேப்பை விட்டுவைப்பதே இல்லை. அது அவருக்கல்லவா தெரிந்திருக்க வேண்டும்? இத்தனை பயந்த மனிதர், பயம் ஒன்றுமில்லை என்று எழுதியிருந்த ஒரே ஒரு வரியைப் பார்த்து ஏமாந்துபோனார். எனக்கு அவர் மேல் கோபமும் வந்தது, இரக்கமும் வந்தது.

எழுந்து போய் கீசரைச் சுவரிலிருந்தே கழற்றிவிட்டார். ஒயரை இரண்டாக வெட்டி முனைகளைச் சுற்றி மூடினார். கீசரைத் தூக்கி வந்து கொல்லையில் மழையில் கிடத்தினார். ஒரு பக்கத்து வீட்டுக்காரி விறகடுப்பில் வெந்நீர் வைத்தாள். போன் அவர் கழுத்திலேயே தொங்கியது. வேலை முடித்த ஒரு வீட்டில் அவர் அதனிடம் ஒன்றும் பேசாமல் நின்றதை நான் பார்த்தது அன்றுதான்.

கிளம்பினோம். அம்பிகா இன்னும் எங்களை நேராகப் பார்க்கவில்லை. ஆனால் குழந்தை வந்த வீட்டிலிருந்து குழந்தையைப் பார்க்காமல் யாரையும் அனுப்புகிற வழக்கம் அந்தக் குப்பத்தில் இல்லை. "வந்தது வந்துட்டே. பாத்துட்டுப் போ," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டே சொன்னார்.

தலையில் துண்டு சுற்றிய ஹேமாவதி, பழைய வேட்டித் துணியில் சுற்றிய பெண் குழந்தையை வாசல்வரை கொண்டுவந்து நீட்டினாள். "எடுத்துக்கோ பாய்."

ஹை கைகளைச் சட்டையில் துடைத்தார். இன்னொரு தடவை துடைத்தார். பிறகு வலது கையைத் திருப்பி, குழந்தையின் பாதத்தைப் புறங்கையால் தொட்டார். தொட்டவுடன் எடுத்துவிட்டார். சற்று நின்று, மறுபடியும் தொட்டார்.